எரிகல் சீறும் ஓசை காதில் விழுமா?

கார்த்திகை மாதக் கடைசியில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து எரிநட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்த வாசகர் ஒருவர், முழுநிலவைப் போல் ஒளிர்ந்த ஒரு தீக்கோளம் தண்ணீர்த் தொட்டியின் நிழலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனதாகவும், அதே நொடியில் காதருகே ‘சர்ர்’ என்று மெல்லிய ஓசை கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த நண்பருக்கு எதுவும் கேட்கவில்லையாம். தனக்குக் கேட்டது பிரமையா என்பது அவருடைய கேள்வி.

ஒளிக்கான காரணம் பலரும் அறிந்ததே. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாயும் கல், தனக்கு முன்னுள்ள காற்றை நசுக்கிக் கொதிக்க வைக்கிறது. அந்த வெப்பத்தில் கல்லின் மேற்பரப்பு ஆவியாகி ஒளிர்கிறது. உராய்வுதான் முதன்மைக் காரணம் என்று பள்ளியில் படித்தோம், ஆனால் பெரும்பங்கு இந்த நசுக்கத்துக்கே உரியது. வெள்ளிக் கோளை விஞ்சும் ஒளி இருந்தால் அது தீக்கோளம்.

சிக்கல் ஓசையில்தான். 80 கிலோமீட்டர் உயரத்தில் எழும் ஒலி தரையை எட்ட ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஆகும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் ஒரு பெருங்கல் வெடித்தபோது, ஒளியைக் கண்டு ஜன்னலோரம் வந்து நின்றவர்கள் மீது, ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை உடைத்துத் தள்ளியது. நிலைமை இப்படியிருக்க, ஒளியும் ஒலியும் ஒன்றாக வருவது எப்படி? 1719இல் இங்கிலாந்தின் மீது பறந்த தீக்கோளத்தைப் பற்றிய சாட்சியங்களைத் திரட்டிய வானியலாளர் எட்மண்ட் ஹாலி, சீறல் கேட்டதாகச் சொன்னவர்களின் பேச்சை வெறும் கற்பனை என்று தள்ளிவிட்டார்.

அவர் அவசரப்பட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தீக்கோளத்தின் ஒளி சீரானதன்று. கல் துண்டுதுண்டாக உடையும்போது அது ஆயிரத்தில் சில பங்கு நொடிகளில் பொங்கி அடங்குகிறது. இந்தத் துடிக்கும் ஒளி உலர்ந்த இலை, கறுப்புத் துணி, தலைமுடி போன்ற மெல்லிய, கருநிறப் பொருள்களின் மீது விழுந்தால், அவற்றின் மேற்பரப்பு துளியளவு சூடாகி, ஒட்டியிருக்கும் காற்றுப் படலத்தையும் சூடாக்கி விரியச் செய்கிறது. ஒளி மங்கியதும் படலம் சுருங்குகிறது. விரிந்து சுருங்கும் காற்றைத்தானே நாம் ஒலி என்கிறோம்! ஆக, வானிலிருந்து வருவது ஒளி மட்டுமே. ஓசை பிறப்பது நம் பக்கத்தில். கருங்கல் சுவர் இப்படிப் பாடாது, ஏனெனில் அது பெற்ற வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது; மயிரிழைக்கு அப்படி ஒளித்துவைக்க இடமில்லை.

வெட்டிவெட்டி விடப்படும் சூரிய ஒளியைப் பொருள்களின் மீது பாய்ச்சி ஒலி எழுப்பலாம் என்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880களிலேயே காட்டியிருந்தார். அதைத் தீக்கோளத்துடன் இணைத்து 2017இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தினர். முழுநிலவளவு ஒளியுள்ள தீக்கோளம் சுமார் 25 டெசிபெல் ஓசையை, அதாவது கிசுகிசுப்பை, எழுப்பக்கூடும் என்பது அவர்களின் கணக்கு. தீக்கோளம் வெளியிடும் ரேடியோ அலைகளே காரணம் என்று ஆஸ்திரேலிய இயற்பியலாளர் காலின் கீ 1980இல் முன்வைத்த மாற்று விளக்கமும் உண்டு. எனினும் எளிய சோதனைக்கு உட்படுவதால் ஒளி விளக்கமே எனக்குப் பிடித்திருக்கிறது.

விண்மீன் விழுந்ததைக் கண்டு அரசனுக்கு என்ன நேருமோ என்று புலவர் கூடலூர் கிழார் கலங்கியதையும், ஏழாம் நாள் சேரமன்னன் இறந்ததையும் புறநானூறு பாடுகிறது. அந்தத் துயரம் மெய்யானது. அதற்குக் கல் பொறுப்பன்று. இன்றும் எரிநட்சத்திரத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்பவர்கள், பார்க்க வேண்டிய நொடியைத்தான் பறிக்கிறார்கள்.

வாசகரிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. காதை மறைக்கும் சுருட்டை முடி உங்களுக்கும், ஒட்ட வெட்டிய தலை உங்கள் நண்பருக்கும் இருக்கிறதா?