விமானம் ஏறுமுன் மாத்திரைப் பையை மேசையில் கொட்டுங்கள்

திருச்சியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது "டாக்டர், பத்து நாள்ல ஃப்ளைட்" என்று வந்து உட்காருவார். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகிற அப்பா அம்மா, உம்ராவுக்குக் கிளம்பும் குடும்பம், சிங்கப்பூர், மலேசியா. இப்போது தாய்லாந்து, பாலி, வியட்நாமும் சேர்ந்துகொண்டன. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வயித்துக்கு ஏதாவது மாத்திரை எழுதிக் குடுங்க, போன எடத்துல அவஸ்தைப்படக் கூடாது." நான் பேனாவை எடுப்பதில்லை. "ஏற்கெனவே என்னென்ன எடுத்து வெச்சிருக்கீங்க? கொண்டுவந்து இந்த மேசையில கொட்டுங்க" என்பேன்.

அண்மையில் அப்படிக் கொட்டியவர் அறுபத்தைந்து வயது அம்மா. மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறார். ஜவுளிக்கடைப் பையிலிருந்து விழுந்தவை: கேஸ் மாத்திரை பன்னிரண்டு அட்டை, ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு அட்டை, பேதியை நிறுத்த ஒரு அட்டை, ஓமவாட்டர், இஞ்சி மொரப்பா. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றுகூட இல்லை. வருகிற பைகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கின்றன.

கேஸ் மாத்திரையிலிருந்து ஆரம்பித்தேன். "இது எதுக்கும்மா?" "கேஸுக்கு டாக்டர். நாலு வருஷமா காலையில வெறும் வயித்துல போட்டுக்கிறேன்." யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டால் நினைவில்லை. பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை நம் ஊரில் காப்பிக்கு முன் காப்பி மாதிரி சாப்பிடுகிறார்கள். இரைப்பையில் சுரக்கும் அமிலம் வெறும் எரிச்சல் தருவதற்காக இல்லை. சாப்பாட்டோடும் தண்ணீரோடும் உள்ளே போகிற கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்வது அதுதான். அந்த அமிலத்தை நாள் முழுக்க அடக்கி வைத்துக்கொண்டு புது ஊர்த் தண்ணீரைக் குடித்தால், சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்றவை குடலுக்குள் போக வழி எளிதாகிவிடும். வயிற்றைக் காப்பாற்றும் என்று நம்பி எடுத்துப் போகிற மாத்திரையே வயிற்றுப்போக்குக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

அதற்காக இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கு ஆஸ்பிரினும் குளோப்பிடோக்ரலும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள், முன்பு குடல்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், மூட்டுவலி மாத்திரையை விடமுடியாதவர்கள், இவர்களுக்கெல்லாம் அது தேவை. தேவை இல்லாதவர்களும் பல மாதம் சாப்பிட்டுவிட்டு சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்சு எரியும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆகவே பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் வராமல் ஒரு மாதம் முன்னால் வாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

அடுத்தது ஆன்டிபயாடிக் அட்டை. ஒரு தடவை இளகிப் போனாலே அதைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே ஊறிப்போய்விட்டது. பயணத்தில் வரும் வயிற்றுப்போக்கில் கணிசமான பங்கு ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ஒரு வகையால் வருவது. ஆரோக்கியமானவருக்கு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானாக அடங்கிவிடும். நோரோவைரஸ் என்றால் ஆன்டிபயாடிக் அதன் பக்கம்கூடப் போகாது. தாய்லாந்துப் பக்கம் அடிக்கடி காணப்படும் கேம்பைலோபாக்டரோ ஆஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துகளுக்கு மசிவதை எப்போதோ விட்டுவிட்டது. இது போதாதென்று, பயணத்தின்போது ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் குடலில் சுமந்துகொண்டு வீடு திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவமனை எளிதில் கிடைக்காத இடத்துக்குப் போகிறவர்களுக்கு நான் அசித்ரோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் எழுதித் தருவதுண்டு. எப்போது போடலாம், எப்போது கூடாது என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதி அட்டையோடு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பேன்.

பேதி நிறுத்தும் மாத்திரையில் இரண்டு விதம் உண்டு. லோப்பரமைடை, நீண்ட பேருந்துப் பயணம் மாதிரி வேறு வழியே இல்லாத நேரத்தில் பெரியவர்கள் எடுக்கலாம். காய்ச்சல் இருந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தொடவே கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. இன்னொன்று டைபினாக்சிலேட். அது ஓபியம் சார்ந்த வகை. போதைப்பொருள் சட்டம் கடுமையாக உள்ள நாடுகளில் மருந்துச்சீட்டு இல்லாமல் பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல். அந்த அம்மாவின் பையில் இருந்தது அதுதான். இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அரைத்த மசாலாப் பொடி கொண்டுபோவதாக இருந்தால் அதில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள்.

சரி, பையிலிருந்து எடுத்தது போதும். முதலில் உள்ளே போக வேண்டியது ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, உடம்பை விட்டுப் போகிற தண்ணீரும் உப்பும்தான். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையைக் கடந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலராவால் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களையே குவளையில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கும் அதைவிட நல்ல மருந்து வயிற்றுப்போக்குக்கு இல்லை. விலையும் சொற்பம். அதனால்தானோ என்னவோ மதிப்பு இல்லை.

கலக்குவதிலும் தப்பு நடக்கிறது. ஒருவர் பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடித்துவிட்டு, "ரொம்ப உப்பு, வாந்தி வந்துருச்சு, பேதியும் கூடிருச்சு" என்றார். பெரிய பொட்டலம் 20.5 கிராம், அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர், குறையக் கூடாது. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. பயணத்துக்கு அதுவே வசதி, ஒரு டம்ளருக்கு ஒன்று என்று கணக்கு எளிது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளர், மடக்மடக்கென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூனால் தொடங்குங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பெட்டியில் அடைத்து விற்கும் பழச்சுவை பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். அவற்றில் சர்க்கரை அதிகம், அது பேதியைக் கூட்டும்.

இரண்டாவது, சோப்பு. காகிதச் சோப்பாக இருந்தாலும் சரி. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சானிடைசர் இருக்கிறதே என்பார்கள். சுற்றுலாக் கப்பல்களில் வேகமாகப் பரவுகிற நோரோவைரஸ் சானிடைசருக்குச் சரியாகச் சாவதில்லை. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும்.

"நம்ம ஊர்த் தண்ணியிலேயே வளர்ந்த ஒடம்பு டாக்டர், எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிலர் தைரியமாகச் சொல்வார்கள். நம் ஊர்க் கிருமிகள் நம் வயிற்றுக்குப் பழக்கம். பாலியில் இருப்பவை வேறு. சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களிலும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், எகிப்து, நேபாளம் என்றால் சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர்தான். பல் துலக்கவும் அதுவே. தண்ணீரில் கவனமாக இருப்பவர்கள் ஐஸ்கட்டியில் கோட்டை விடுவார்கள். முக்திநாத், கயிலாயம் என்று மலை ஏறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கீழே ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் விடுங்கள்.

சாப்பாட்டில் என் கணக்கு எளிது. கண்ணெதிரே சூடாக வாணலியிலிருந்து தட்டுக்கு வருகிற தெருக்கடை நூடுல்ஸை, பெரிய ஓட்டலில் இரண்டு மணி நேரமாக வெதுவெதுப்பாகக் கிடக்கும் பஃபே சோற்றைவிட நான் நம்புவேன். ஆறிக் கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வெட்டி வைத்த பழம் வேண்டாம், நீங்களே தோல் உரிக்கிற வாழைப்பழமோ ஆரஞ்சோ சாப்பிடுங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பாலைவனச் சுற்றுலாவில் காய்ச்சாத ஒட்டகப் பால் கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். புருசெல்லா காய்ச்சல் வாரக்கணக்கில் படுத்தும்.

இதுவரை சொன்னதெல்லாம் பேதி பற்றி. ஆனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெரியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதற்கு நேர் எதிர், மலச்சிக்கல். அதைப் பற்றிப் பேச அவர்கள் கூச்சப்படுகிறார்கள். விமானத்தில் கழிவறைக்கு எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலே இருபது மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிடுவார்கள். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கும் கீழே, உடம்பு காய்கிறது. உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல என்பதால் வயிற்றில் உள்ள வாயு விரிந்து உப்புசம் வேறு. (கிளம்பும் அன்று சுண்டலும் சோடாவும் வேண்டாம்.) இறங்கிய பிறகு ராத்திரி பகலாகிவிடும், குடலின் கடிகாரமும் குழம்பிவிடும். அப்புறம் அங்கே கழிவறையில் தண்ணீர் இருக்காது, காகிதம்தான் இருக்கும். ஒரே குளியலறையை மருமகன் வேலைக்குப் போகும் அவசரத்தில் பயன்படுத்துவார். இவர்கள் அடக்கிக்கொள்வார்கள். "அவர் போனப்புறம் போய்க்கலாம்னு இருந்தேன், அப்புறம் வரவே இல்ல" என்றார் ஒருவர். மூன்று நாள் நான்கு நாளாகி, மூலம் வெளியே வந்து, அங்கே மருத்துவச் செலவுக்குப் பயந்து வலியோடு காலம் தள்ளிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்.

பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அப்பா அம்மா வருவதற்கு முன் கழிவறையில் கைத்தெளிப்பான் ஒன்று மாட்டிவிடுங்கள், முடியாவிட்டால் ஒரு மக்காவது வையுங்கள். காலுக்கு அடியில் வைக்க ஆறேழு அங்குல உயரத்தில் ஒரு முக்காலி இருந்தால், குத்தவைத்துப் பழகிய உடம்புக்கு அது பெரிய உதவி. காலையில் சாப்பிட்ட கால்மணி, அரைமணியில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் குளியலறையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அந்த அம்மாவின் பையில் ஓமவாட்டர் இருந்த இடத்தில் இசப்கோல் வைத்தேன். ராத்திரி ஒன்றிரண்டு தேக்கரண்டி, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். காலையில் இட்லிக்குப் பதில் குளிர்ந்த பாலில் சீரியல் சாப்பிட்டு வயிறு கடமுட என்றால், பயப்பட வேண்டாம். பாலில் உள்ள லாக்டோஸ் நம்மில் பலருக்கு அந்த அளவில் செரிக்காது. தயிர் ஒத்துக்கொள்ளும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக இரண்டு விஷயம். வெளிநாட்டுக் கடைகளில் 'சர்க்கரை இல்லாத' சாக்லேட்டும் மிட்டாயும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒருவர் ஒரு வாரப் பேதிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு என்னிடம் வந்தார். சட்டைப்பையில் அந்த மிட்டாய். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சாப்பிட்டிருக்கிறார். அதில் உள்ள சார்பிட்டால், மால்டிட்டால் குடலில் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். நிறுத்தினார், நின்றது. இன்னொன்று அவசரமானது. வாந்தி, பேதியில் சாப்பாடு இறங்காத நாளில் மெட்ஃபார்மின், டாபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் நீர் பிரிய வைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் வழக்கம்போல் விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், ரத்தத்தில் அமிலம் ஏறலாம். எவற்றை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்று கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தடுப்பூசியில் டைஃபாய்டு ஊசியைக் கிளம்ப இரண்டு வாரமாவது முன்னால் போட வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ என்ற மஞ்சள்காமாலை நம் ஊரில் மூத்தவர்கள் பலருக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். நகரத்தில் சுத்தமான தண்ணீர் குடித்து வளர்ந்த இளைஞர்கள்தான் அதற்கான ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

போன இடத்தில் மலத்தில் ரத்தம், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் இல்லாமை, குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, வயதானவர் பேச்சில் குழப்பம், இவற்றில் எது வந்தாலும் வாட்ஸ்அப்பில் எனக்குப் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அங்கேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இவ்வளவு முற்றும் வரை பொறுக்கவே கூடாது. காப்பீட்டை எடுக்கும்போதே உங்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அதில் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி இரண்டு வாரம் தாண்டியும் வயிறு சரியாகவில்லை, மலம் எண்ணெய்ப் பசையோடு கெட்ட நாற்றமாகப் போகிறது, எடை குறைகிறது என்றால் அது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். மலப் பரிசோதனையில் தெரியும், மாத்திரையில் குணமாகும். டைஃபாய்டோ உடம்பில் நுழைந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் பெரும்பாலும் காய்ச்சலாகத் தலைகாட்டும். அதற்குள் பயணம் மறந்துபோய், "வெயில்ல சுத்தினேன் டாக்டர்" என்று வந்து நிற்பீர்கள். எந்த நாடு, எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை நாங்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.