பத்ரோன் பதிவு வீட்டுக்காரர் போடும் பிச்சை அல்ல: பார்சிலோனாவில் குடியேறுகிறவர்களுக்கு

கும்பகோணத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் போன குளிர்காலத்தில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுத்தாளால் ஒட்டப்பட்டிருந்தது. குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் இருப்பதாக மாநகராட்சி தந்த பதிவுத் தாள். அதிலிருந்த முகவரிக்கு அவர் ஒருநாள்கூடப் போனதில்லை. பார்சிலோனாவின் ராவால் பகுதியில் ஓர் அறைக்கு மாதந்தவறாமல் வாடகை கட்டி வந்தவர் அவர். வீட்டுக்காரர் “இங்கே பதிவு கிடையாது” என்று சொல்லிவிட்டதால், யாரோ ஒருவரிடம் 400 யூரோ கொடுத்து அந்த முகவரியை வாங்கியிருக்கிறார். புதிதாக ஒரு சான்று எடுக்கப் போனபோதுதான், பெயர் நீக்கப்பட்டு எட்டு மாதமாகிவிட்டது என்று தெரிந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது, ஆனால் அவர் வசிக்காத அந்த வீட்டுக்கு.

இப்படி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பெயினில் யார் எந்த ஊரில் வசித்தாலும் அந்த ஊர் நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இந்தப் பதிவேட்டைத்தான் பத்ரோன் என்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் 7ஆம் எண் உள்ளாட்சிச் சட்டம் இதை உரிமையாக மட்டுமல்ல, கடமையாகவே வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. விசா காலாவதியானவரும், விசாவே இல்லாதவரும் பதிவு செய்துகொள்ளலாம். கவுன்ட்டரில் தங்கும் அனுமதியைக் கேட்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

இந்தத் தாள் இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து எல்லாமே இழுபறிதான். பகுதி மருத்துவ நிலையத்தில் சுகாதார அட்டைக்கு இதைக் கேட்பார்கள். வேலை விசாவில் வந்தவர்கள் தியே என்னும் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்குக் கைரேகை வைக்கப் போகும்போதும் கேட்பார்கள், அதுவும் அண்மையில் எடுத்த தாளாக இருக்க வேண்டும். ஆவணமில்லாமல் இருப்பவர்களுக்கோ இத்தனை காலம் இந்த நாட்டில் இருந்தேன் என்று காட்ட இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

முதல் கண்ணி, வீட்டுக்காரர். அறை விளம்பரங்களிலேயே “பதிவு இல்லை” என்று எழுதுகிறார்கள். சிலர் அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருந்தால் பாஸ்போர்ட்டையும் அதையும் எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பதியலாம். வீட்டுக்காரரின் கையெழுத்தை யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. நீங்கள் அந்த வீட்டில் வசிக்கிறீர்களா என்பது மட்டும்தான் நகராட்சி பார்க்க வேண்டியது. வீடு யாருடையது, ஒப்பந்தம் செல்லுமா என்ற தகராறுகளில் தலையிடுவது அதன் வேலையல்ல. 2020 பிப்ரவரி 17ஆம் தேதியிட்ட அரசு அறிவுறுத்தலே இதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருந்து, நீங்கள் ஓர் அறையில் மட்டும் இருக்கிறீர்களா? அந்த வீட்டுக்கு உரிமையுள்ளவரோ, வாடகை ஒப்பந்தத்தில் பெயருள்ள ஒப்பந்தக்காரரோ அங்கீகாரப் படிவத்தில் கையெழுத்திட்டு, தம் அடையாள அட்டையின் நகலையும் தர வேண்டும். அறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் பதில் மாறிவிடும்.

அவர் மறுத்தால் வழியே இல்லை என்று அர்த்தமல்ல. நீங்கள் அங்கே வசிப்பதை நேரில் வந்து பார்த்து உறுதிசெய்யும்படி நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். தங்க இடமே இல்லாதவர்களைக்கூடப் பதிய வேண்டும் என்பதே விதி. பார்சிலோனாவில் நிலையான முகவரி இல்லாதவர்களுக்கென்று தனி நடைமுறை இருக்கிறது. ஆனால் இதை யாரும் தாமாக முன்வந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: “சின் தொமிசிலியோ ஃபிஹோ”.

முகவரியை விலைக்கு வாங்க மட்டும் வேண்டாம். ஒரே வீட்டில் பலர் பெயர் சேர்ந்தால் நகராட்சி விசாரிக்கும். அங்கே நீங்கள் இல்லையென்றால் நீக்கும் நடவடிக்கை தொடங்கும். அந்தக் கடிதமும் அதே முகவரிக்குத்தான் வரும், வீட்டில் இருப்பவர் குப்பையில் போட்டுவிடுவார். உங்களிடம் பணம் வாங்கியவருடைய தொலைபேசியும் அதற்குள் அணைந்திருக்கும்.

அடுத்தது கவுன்ட்டர். பார்சிலோனாவில் இதைக் கவனிப்பது ஓஆசே என்னும் குடிமக்கள் சேவை அலுவலகங்கள். 010 என்ற எண்ணில் அழைத்தோ இணையத்திலோ முன்பதிவு எடுக்க வேண்டும். எல்லா முன்பதிவும் இலவசம். அடையாள அட்டைக்கான காவல்துறை முன்பதிவுகளை மென்பொருளால் மொத்தமாக அள்ளிக்கொண்டு 30 முதல் 200 யூரோ வரை விற்ற கும்பல்மீது 2023 மே மாதம் நடந்த நடவடிக்கையில் 69 பேர் கைதானார்கள். இடம் கிடைப்பது கடினம் என்பது உண்மைதான். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவில் ஒரு முறை பார்த்துக்கொண்டே இருங்கள்.

பக்கத்து ஊர்கள் சிலவற்றில் சட்டத்தில் இல்லாததையெல்லாம் கேட்டு அலைக்கழிக்கிறார்கள். பார்சிலோனாவை ஒட்டிய ஓர் ஊரில் ஒரு குடும்பத்தோடு நான் மூன்று முறை போனேன். முதல் நாள் மின்கட்டண ரசீது கேட்டார்கள். கொண்டுபோனோம். இரண்டாம் நாள் வீட்டின் உரிமைப் பத்திரம். மூன்றாம் நாள், மனைவியின் விசாவைக் காட்டுங்கள் என்றார் அங்கிருந்த பெண். இடுப்பில் குழந்தையோடு அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை.

அன்று செய்ததை நாங்கள் முதல் நாளே செய்திருக்க வேண்டும். வாய்மொழியாக மறுத்ததை ஏற்காமல், “எழுத்தில் கொடுங்கள்” என்று கேட்டோம். அவர்கள் தரவில்லை. உடனே அதே கட்டடத்தில் இருந்த பொதுப் பதிவுக் கவுன்ட்டருக்குப் போய், பதிவு விண்ணப்பத்தையும் நகல்களையும் கொடுத்து, எங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டோம். அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு. அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். பதிவும் விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும். முத்திரை இல்லாமல் போன நாட்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. எங்களுக்கும் முதல் இரண்டு நாளும் அப்படித்தான் வீணாயின.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இங்கே எந்தப் படிவமும் முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் தமக்குத் தோன்றியபடி பிரித்து எழுதிவிடுவார். ஓர் அலுவலகம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கும், இன்னொன்று உங்கள் பெயரையே இரண்டாக வெட்டும். கடைசியில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். தாளைக் கையில் வாங்கியதும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு எழுந்திருங்கள். பின்னால் வரிசை நீளமாக நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய எண்ணையும் பத்ரோனில் மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது இரண்டாண்டுக் கெடு. நிரந்தரத் தங்கும் அனுமதி இல்லாத, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத வெளிநாட்டவர் 2 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் விளக்கம் கேட்காமலேயே பெயரை எடுத்துவிடலாம் என்று சட்டமே சொல்கிறது. வீடு மாறியவருக்கு நினைவூட்டல் கடிதமும் வந்து சேராது.

ஆவணமில்லாதவர்களுக்கு இதன் விலை பெரியது. அர்ராய்கோ என்னும் வழியில் தங்கும் அனுமதி கேட்பதற்கு, தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். 2025 மே 20 அன்று நடைமுறைக்கு வந்த விதிமுறையில், அதன் வகைகளில் ஒன்றான சமூக வகைக்கு முன்பு கேட்ட 3 ஆண்டு 2 ஆண்டாகக் குறைந்திருக்கிறது. அந்தக் காலத்தில் நாட்டுக்கு வெளியே இருந்தது 90 நாளைத் தாண்டக் கூடாது. தஞ்சம் கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. “தஞ்சம் கேட்டு வையுங்கள், எப்படியும் இரண்டு வருடம் ஓடிவிடும்” என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போது சாதாரணப் பதிவுத் தாள் போதாது, பழைய முகவரிகளும் தேதிகளும் வரும் ‘இஸ்தோரிக்கோ’ வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இடையில் பதிவு அறுந்திருந்தால் மருத்துவச் சீட்டு, மொழி வகுப்புச் சான்று, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்ப முயலலாம். ஆகவே பெயரும் தேதியும் உள்ள எந்தத் தாளையும் தூக்கி எறியாதீர்கள்.

ஒன்றில் மட்டும் குழப்பம் வேண்டாம். பத்ரோன் விசா ஆகாது. அதில் பெயர் இருப்பதால் மட்டும் நீங்கள் சட்டப்படி தங்கியிருப்பதாக ஆகிவிடாது என்று அதே 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி வேலைக்குச் சேரவும் முடியாது.

கவுன்ட்டரில் முட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் பார்சிலோனா மாநகராட்சியின் சயேர் என்னும் குடியேறியோர் சேவை மையத்துக்குப் போகலாம். அங்கே சட்ட ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. முத்திரை குத்திய பிரதியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

கும்பகோணத்துத் தம்பி இப்போது தம் அறையின் முகவரியிலேயே பதிந்திருக்கிறார். அதே வீட்டின் ஒப்பந்தக்காரர்தான் கடைசியில் கையெழுத்திட்டார். அவரை இதற்கு முன்பு யாருமே கேட்டதில்லையாம்.