டாப் ஃப்ராக் அடிச்சவன் ஏன் தோக்குறான்?

கவுன்டர்-ஸ்ட்ரைக் (அஞ்சுக்கு அஞ்சு பேர் ஆடுற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம், ஒரு டீம் பாம் வைக்கணும், இன்னொரு டீம் தடுக்கணும்) ஆடுற எல்லாருக்கும் இப்படி ஒரு ஆள தெரியும். மேட்ச் 13-8னு தோத்திருக்கும், ஆனா ஸ்கோர்போர்டுல அவரு 24 கில்லோட மொத எடத்துல (இதுதான் டாப் ஃப்ராக்) நிப்பாரு, கடைசி ரவுண்டு முடிஞ்ச உடனே சாட்ல "டீம் வேஸ்ட்"னு போட்டுட்டு கெளம்பிடுவாரு. அவரு பொய் சொல்லல. 24 கில் நெஜம், தோத்ததும் நெஜம். இது ரெண்டும் ஒரே மேட்ச்ல எப்படி சேந்து நடக்குதுங்கறதுல காசு கணக்கு கொஞ்சம், மனசு பண்ற வேலை கொஞ்சம், கேம் கம்பெனிக்காரங்க போடுற பாயிண்ட் கணக்கு கொஞ்சம் இருக்கு.

மொதல்ல காசு. சிஎஸ்ல (கவுன்டர்-ஸ்ட்ரைக்கோட சுருக்கம்) துப்பாக்கிய காசு குடுத்துதான் வாங்கணும், செத்தா அது போயிடும், தப்பிச்சா அடுத்த ரவுண்டுக்கும் இருக்கும். ஆளுக்கு 800 டாலர்ல ஆரம்பிக்கும். ஏகே-47 2700, கெவ்லர் கவசமும் ஹெல்மெட்டும் சேத்து 1000, ஸ்மோக் (புகை குண்டு), ஃப்ளாஷ் (கண்ண கூச வைக்கிற குண்டு) எல்லாம் போட்டா ஒருத்தன் ஒழுங்கா ஆட 4000த்துக்கு மேல ஆயிடும். தோத்த டீம்ல ஆளாளுக்கு கேம் ஒரு ஆறுதல் தொகை குடுக்கும், அது கம்மிபட்சம் 1400, தொடர்ந்து தோக்கத் தோக்க 500 500ஆ ஏறி 3400ல போய் நிக்கும். அதனால கையில ஆளுக்கு 2000 சொச்சம் இருக்குறப்ப விவரமான டீம் என்ன பண்ணும்னா, இந்த ரவுண்டு போனா போகட்டும்னு அஞ்சு பேரும் எதுவும் வாங்காம பிஸ்டலோட ஆடிட்டு, அடுத்த ரவுண்டு அஞ்சு பேரும் ஒண்ணா ஃபுல் பை பண்ணுவாங்க, அதாவது ரைபிள் கவசம்னு எல்லாத்தையும் வாங்குவாங்க. இதுதான் ஈக்கோ ரவுண்டு. இதுல ஒருத்தர் மட்டும் பொறுக்காம கவசமும் டெசர்ட் ஈகிளும் வாங்கிட்டு எறங்குறாருன்னு வைங்க. ரெண்டு பேர அடிப்பாரு, கில்லுக்கு 300 வீதம் 600 டாலரும் வரும், ரவுண்டு பெரும்பாலும் போயிடும். அடுத்த ரவுண்டு நாலு பேர் கையில ரைபிள், அவர் கையில பாதி காசு, "ட்ராப் பண்ணு டா" (எனக்கும் ஒரு துப்பாக்கி வாங்கிப் போடு)னு கேட்டுக்கிட்டு நிப்பாரு. அவரோட கணக்குல ரெண்டு கில் லாபம், டீம் கணக்குல ஒண்ணுக்கு ரெண்டு ரவுண்டு ஆபத்து.

இந்த நெலமைக்கு கேம் தியரில (ஆளுங்க எப்படி முடிவெடுப்பாங்கன்னு கணக்கா பாக்குற துறை, வீடியோ கேம் இல்ல) 'மான் வேட்டை'னு ஒரு பேரு இருக்கு, பிரெஞ்சு சிந்தனையாளர் ரூசோ 1755ல எழுதுன ஒரு உதாரணத்துலேர்ந்து வந்தது. நாலஞ்சு வேட்டைக்காரங்க மானை வளைச்சு நிக்கிறாங்க, எல்லாரும் எடத்த விட்டு நகராம இருந்தா மான் கெடைக்கும், ஆனா ஒருத்தன் பக்கத்துல ஓடுற முயல பாத்து அது பின்னாடி போயிட்டா அவனுக்கு முயல் உறுதி, மத்தவனுக்கு ஒண்ணும் இல்ல. இதுல கவனிக்க வேண்டியது, முயல் பின்னாடி போறவன் பேராசைக்காரனா இருக்கணும்னு அவசியமே இல்ல. மானோட பங்குதான் பெருசுன்னு அவனுக்கும் தெரியும். பக்கத்துல நிக்கிறவன் ஓடிருவானோன்னு ஒரு பயம், அவ்ளோதான். முன்ன பின்ன தெரியாத நாலு ரேண்டம்ஸோட ஆடுறப்ப "எப்படியும் அந்த நாலாவது ஆளு வாங்கத்தான் போறான், நான் மட்டும் ஏன் பிஸ்டலோட சாவணும்"னு தோணுறது இதேதான். ரேங்க்டு லாபில (தரவரிசைக்காக ஆடுற மேட்ச்ல) நாம சுயநலம்னு திட்டுறதுல பாதிக்கு மேல அவநம்பிக்கைன்னுதான் நான் சொல்வேன்.

அடுத்தது ட்ரேட், அதாவது நம்மாள சுட்டவன பின்னாடியே வர்ற ஆளு உடனே சுட்டு பழி தீக்குறது. ஏ சைட்டுக்குள்ள (பாம் வைக்கிற எடங்கள்ல ஒண்ணு) மொதல்ல போற என்ட்ரி ஆளு பல நேரம் செத்துருவாரு, அவரு வேலையே அதுதான். அவர சுட்ட எதிரி அந்த நொடில எப்படி இருப்பான்? அவன் குறி இன்னும் செத்தவன் மேலதான் இருக்கு, ரீகாயில் (சுட்டதும் துப்பாக்கி உதறுறது) அடங்கல, பாதி புல்லட் போச்சு, எங்க ஒளிஞ்சிருந்தான்னும் தெரிஞ்சு போச்சு. பின்னாடியே ஒட்டி வர்ற ரெண்டாவது ஆளுக்கு இது கிட்டத்தட்ட ஃப்ரீ கில். ஆனா அந்த ரெண்டாவது ஆளு மூணு நாலு செகண்டு தள்ளி வந்தா எதிரி ரீலோட் பண்ணி எடம் மாறி அடுத்த ஆளுக்கு ரெடியா நிப்பான், அப்ப மறுபடி ஒண்ணுக்கு ஒண்ணு சண்டை. இப்ப பெய்ட் பண்றவர நெனச்சு பாருங்க. எல்லாரும் உள்ள போய் சாவுற வரைக்கும் பின்னாடி நின்னுட்டு, அடிபட்டு அரை உசுரோட இருக்குற எதிரிங்கள ரெண்டு கில் எடுத்துட்டு செத்துப் போவாரு. ஸ்கோர்போர்டுல என்ட்ரி ஆளு 9-18 (9 கில், 18 சாவு), இவரு 20-13. பாக்குறவன் யார நல்ல பிளேயர்னு சொல்லுவான்? புள்ளிவிவரக்காரங்களுக்கு இந்த ஓட்டை தெரியும், அதனாலதான் சிஎஸ் புள்ளிவிவரம் போடுற எச்எல்டிவி தளம் 2017ல அதோட ரேட்டிங்க மாத்துனப்ப ஒருத்தர் கில் எடுத்த, அசிஸ்ட் பண்ண, உயிரோட தப்பிச்ச ரவுண்டுகளோட, செத்தும் டீம்மேட்டால ட்ரேட் ஆன ரவுண்டையும் நல்ல ரவுண்டா எண்ண ஆரம்பிச்சாங்க.

இதுக்காக தனியா தெரியுறதெல்லாம் சுயநலம்னு முடிவு கட்டிடக் கூடாது. அஞ்சுக்கு அஞ்சு பேர் ஆடுற டோட்டா 2 கேம்ல கேரி ஆளு (பின்னாடி டீமையே தூக்கிச் சுமக்க வேண்டியவர்) மேப்புல கெடைக்கிற தங்கத்தையெல்லாம் தின்னுட்டு, நாலு பேரு சண்டைல செத்துக்கிட்டு இருக்கும்போதும் காட்டுக்குள்ள க்ரீப் (கொன்னா தங்கம் குடுக்குற, கம்ப்யூட்டர் ஆட்டுற உயிருங்க) அடிச்சிக்கிட்டு இருப்பாரு, புதுசா பாக்குறவனுக்கு எரிச்சலா வரும். ஆனா 1லேர்ந்து 5 வரைக்கும் பொசிஷன் பிரிக்கிறதே தங்கம் யாருக்கு மொதல்ல போகணும்ங்கிற வரிசைதான், டீம் சேந்து எடுத்த முடிவுப்படிதான் அவரு சாப்புடுறாரு. சிஎஸ்லயும் அப்படித்தான், பாம தடுக்குற சிடி பக்கம் ஒத்த ஆளு, எதிர்ல நாலு பேரு, பாம் வச்சாச்சு, கையில 4750 டாலர் ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கி. ஓடி ஒளிஞ்சு துப்பாக்கிய காப்பாத்துனா கோழைன்னு தோணும், ஆனா அடுத்த ரவுண்டு அந்த 4750 மிச்சம். ஹீரோ மாதிரி உள்ள போய் ஒரு கில் எடுத்துட்டு செத்தா கில் கணக்கு ஏறும், ஏடபிள்யூபி போயிடும். செயல பாத்து கண்டுபிடிக்க முடியாது, எந்த கணக்குக்காக செஞ்சான்ங்கறதுதான் வித்தியாசம்.

சரி, மனசு ஏன் 'நான்' பக்கமே சாயுது? 1979ல மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் புருஷன் பொண்டாட்டிய தனித்தனியா உக்கார வச்சு வீட்டு வேலைல உங்க பங்கு எவ்ளோன்னு கேட்டாங்க. ரெண்டு பேரு சொன்னதையும் கூட்டுனா பெரும்பாலான வேலைக்கு நூறு சதவீதத்த தாண்டிருச்சு. காரணம் பெருமை மட்டும் கெடையாது, நாம செஞ்சது நமக்கு டக்குனு ஞாபகம் வரும், அடுத்தவங்க செஞ்சத பாக்கவே இல்லையே. ஷூட்டர் கேம்ல இது இன்னும் மோசம், ஏன்னா நீங்க பாக்குறது உங்க ஒரு ஸ்கிரீன மட்டும்தான். நீங்க மேப்போட நடுவுல (மிட்ல) கஷ்டப்பட்டு எடுத்த கில்லு தெரியும், அந்த கில்லுக்கு எதிரிய திரும்ப வச்சது பி பக்கம் ஒருத்தன் சும்மா போட்ட ஸ்மோக்குங்கறது தெரியாது. இதோட குழந்தைதான் 'ஈலோ ஹெல்', அதாவது நான் நல்லா ஆடுறேன், மோசமான டீம்மேட்டுங்கதான் என்ன மேல போக விடல அப்படிங்கற நம்பிக்கை. ஒரு கணக்கு போட்டு பாருங்க. பத்துல ஒருத்தன் மேட்ச கெடுக்குறவன்னு வச்சுக்குவோம். நீங்க அந்த ஆளு இல்லன்னா, உங்க டீம்ல கெடுக்கக்கூடிய எடம் நாலு, எதிர் டீம்ல அஞ்சு. உங்க டீம்ல அப்படி ஒருத்தனாவது இருக்க 34 சதவீதம், எதிர்ல 41 சதவீதம். ஒரு மேட்ச் ரெண்டு மேட்ச் அநியாயமா போகலாம், நூத்துக்கணக்குல ஆடுனா இந்த அதிர்ஷ்டம் உங்க பக்கம்தான் சாயும்.

திட்டுறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. டோட்டா மாதிரியே இன்னொரு கேமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல அதோட கம்பெனி ரயட் கேம்ஸ் ஒரு சோதனை பண்ணாங்க, மேட்ச் லோட் ஆகுற ஸ்கிரீன்ல, தப்பு பண்ண டீம்மேட்ட திட்டுனா அவன் ஆட்டம் இன்னும் மோசமாகும்னு ஒரு வரி. செவப்பு கலர்ல போட்டப்ப கெட்ட வார்த்தை 11 சதவீதமும் வசவு 6 சதவீதம் கிட்டயும் கொறஞ்சுது, வேற கலர்ல அதே வரிக்கு அவ்ளோ வேகம் இல்ல. அந்த வரில சொன்னது அறிவியல்படியும் சரி. கை பழகுன வித்தைய கவனிச்சு கவனிச்சு செஞ்சா கெட்டுப் போகும். 2002ல சியான் பைலாக் குழு நல்லா ஃபுட்பால் ஆடுறவங்கள ட்ரிபிள் பண்ணும்போது பாதத்தோட எந்தப் பக்கம் பந்துல படுதுன்னு கவனிக்கச் சொன்னாங்க, தேர்ந்த ஆளுங்க ஸ்லோ ஆயிட்டாங்க. ஸ்ப்ரே கண்ட்ரோலும் (தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி உதறல கையால அடக்குறது) அதே ரகம்தான். "நூப், எப்படிடா மிஸ் பண்ண"னு கேட்ட பிறகு அடுத்த சண்டைல அவன் எதிரிய பாக்க மாட்டான், தன் கைய பாத்துக்கிட்டு இருப்பான்.

அப்ப ஸ்கோர்போர்டையே தூக்கிட்டு ஜெயிச்சா பாயிண்ட், தோத்தா மைனஸ்னு மட்டும் வச்சா போதுமேன்னு கேக்கலாம். அங்கதான் கம்பெனிக்காரங்க மாட்டிக்கிறாங்க. பிரெஞ்சு விவசாய இன்ஜினியர் மாக்ஸ் ரிங்கல்மான் கயிறு இழுக்க வச்சு அளந்து 1913ல வெளியிட்ட கணக்குல, எட்டு பேர் சேந்து இழுத்தா தனித்தனி பலத்தோட கூட்டுத்தொகைல பாதி அளவுதான் வந்துச்சு. தேர் வடம் புடிக்கிறப்ப பாத்திருப்பீங்க, நெறைய கை வடத்து மேல இருக்கும், எத்தன கை இழுக்குதுங்கறது வேற விஷயம். 1979ல லாட்டானே குழு ஆளுங்கள கண்ண கட்டி ஹெட்போன் மாட்டி கத்த விட்டாங்க, கூட அஞ்சு பேர் கத்துறதா நெனச்சவங்க தனியா கத்துறதுல முக்கால் பங்குதான் கத்துனாங்க. அப்புறம் 1981ல ஒவ்வொருத்தர் சத்தத்தையும் தனியா அளக்குறோம்னு நம்ப வச்சப்ப அந்த சோம்பல் போயிருச்சு. ஆக தனி மார்க் போட்டா ஸ்டேட் (தன் புள்ளிவிவரம்) பாத்து ஆடுறான், போடலன்னா ஒருத்தன் தூங்குறான். ஓவர்வாட்ச்ங்கற ஷூட்டர் கேம்ல தனி ஆட்டத்துக்கும் ரேங்க் பாயிண்ட் குடுத்தாங்க, அப்புறம் 2018ல டயமண்ட் ரேங்க்லயும் அதுக்கு மேலயும் இருக்கவங்களுக்கு அத தூக்கிட்டாங்க, அந்த லெவல்ல ஆளுங்க பாயிண்ட் கணக்க பத்தி யோசிக்காம ஜெயிக்கிறத மட்டும் பாக்கணும்ங்கறதுதான் காரணம். மைக்ரோசாஃப்ட் எதிர்த்திசைல போச்சு. அவங்களோட பழைய ரேட்டிங் முறையான ட்ரூஸ்கில் யாரு ஜெயிச்சதுங்கறத மட்டும் பாக்கும், 2018ல வந்த ட்ரூஸ்கில் 2 கில், டெத், பாதில ஓடுறது எல்லாத்தையும் பாக்கும். ஹேலோ 5ங்கற ஷூட்டர் கேமோட மேட்ச் முடிவுகள கணிக்கிறதுல 52 சதவீதம் சரியா சொன்னது 68க்கு ஏறுச்சு. தனி ஸ்டேட்டுக்கு மதிப்பு இல்லன்னு சொல்றவங்க இந்த நம்பர பாக்கணும். கணிக்க அது உதவுது, ஆனா ஆடுறவன் கண்ணு முன்னாடி வச்சா அவன் ஆட்டத்த மாத்துது.

கடைசியா பேச்சு. 2017ல வந்த ஒரு ஆய்வுல 248 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் டீம்கள கேமுக்கு சம்பந்தமே இல்லாத புதிர்கள சேந்து தீர்க்க விட்டு 'கூட்டு அறிவு' அளந்தாங்க. அதுல மேல வந்த டீம் கேம்லயும் மேல இருந்துச்சு, அடுத்தவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு புடிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா அந்த மார்க் கூடுச்சு. ஆனா இந்த டீம்கள்ல நெறைய பேசுறது பெருசா கை குடுக்கல, சொல்லாமலே ஒத்துப் போறதுதான் அதிகம் வேல செஞ்சுது.

ஆடுறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. கிளட்ச், அதாவது நம்ம டீம்ல மிஞ்சுனது ஒத்த ஆளு, எதிர்ல ஒருத்தன், நாம வச்ச பாம் டிக் டிக்னு ஓடிக்கிட்டு இருக்கு. செத்துப்போன நாலு பேர்ல ஒருத்தன் "எப்படி அவன் என்ன பாத்தான்னே தெரியல, செம லக்கு"ன்னு 15 செகண்டு புலம்புனா, உயிரோட இருக்கவன் காதுல விழ வேண்டிய காலடிச் சத்தம் போச்சு. இன்னொரு டீம்ல செத்தவன் சொல்றது "லாங்ல ஒருத்தன், 80 அடிச்சிருக்கேன், கிட் இல்ல". லாங்னா மேப்ல ஒரு எடம், 80னா எதிரி உசுர்ல அவ்ளோ போச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. கிட்ங்கறது பாம டிஃப்யூஸ் பண்ற, அதாவது செயலிழக்க வைக்கிற கருவி. அது இல்லன்னா டிஃப்யூஸ் பண்ண 10 செகண்டு வேணும், வச்ச பாம் வெடிக்க மொத்தமே 40 செகண்டு. அதனால 30 செகண்டு தாண்டி அவன் இன்னும் கைய வைக்கலன்னா, நம்மாளு எட்டிப் பாத்து சண்டை போட வேண்டியதே இல்ல, மூலைல ஒளிஞ்சு நின்னாலே ரவுண்டு நம்மது. கில் கணக்குல ஒண்ணும் ஏறாது.