மொட்டை மலை என்று சொல்லாதீர்கள்

சென்ற வாரமும் ஒரு வேன் வந்தது. உள்ளே ஐந்நூறு மரக்கன்றுகள், ஒரு பேனர். "மலை மொட்டையாகக் கிடக்கிறதே, நட்டுத் தருகிறோம்" என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இந்த ஆண்டில் மட்டும் இது நான்காவது வண்டி. திருப்பி அனுப்பிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீலகிரியில் புல்வெளி மீட்பு வேலை செய்கிறேன். நூறு முறை சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். காட்டை யாரோ வெட்டியதால் முளைத்த புல் அல்ல அது. பல்லாயிரம் ஆண்டுகளாகவே அது புல்வெளி. ஈரம் தங்கும் மலை மடிப்புகளில் சோலைக்காடு, திறந்த சரிவுகளில் புல். இதுதான் இந்த மலையின் அமைப்பு. ஜனவரி உறைபனியில் திறந்தவெளியில் நிற்கும் சோலை மர நாற்று கருகிச் செத்துவிடும். புல்லோ கருகினாலும் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மூடுபனி இறங்கிய காலையில் ஒரு புல் தூரைக் கைநிறையப் பிடித்துப் பிழிந்து பாருங்கள், விரலிடுக்கில் தண்ணீர் வழியும். பைக்காராவுக்குப் போகும் ஓடைகள் இந்தச் சரிவுகளில்தான் கசியத் தொடங்குகின்றன. இதையா மொட்டை என்கிறீர்கள்?

வரையாடு மேய்வது இந்தப் புல்லைத்தான். சிறுத்தையையும் செந்நாயையும் தொலைவிலேயே பார்த்துப் பாறைக்கு ஓடித்தான் அது பிழைக்கிறது. சரிவை மரங்கள் மறைத்தால் எப்படிப் பார்க்கும்? 2025 கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் 1,303 வரையாடுகள்தான். நம் மாநில விலங்கு அது! புல் தூரடியில், தரையில் கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலிப் பறவைக்கும் மரத்தால் ஒரு பயனும் இல்லை.

"வெற்று நிலம்" என்று சொல்லித்தான் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியச் சீகை (வாட்டில்) மரத்தை இங்கே நட்டார்கள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குக் கீரைப் பாத்தி போலக் கன்றுகள் எழும்பி நிற்பதைப் பார்த்தால்தான் எங்கள் வயிற்றெரிச்சல் புரியும்.

விதைப்பந்து வீசாதீர்கள். நாட்டு மர விதையானாலும் புல்வெளியில் வேண்டாம். வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாட்டுக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். வண்டிக்குப் பழகிய ஆடு வண்டியில்தான் அடிபடும்.

உதவத்தான் வேண்டுமென்றால், வனத்துறை அனுமதி பெற்று மழைக்காலத்தில் வாருங்கள். மண் நனைந்திருக்கும்போது விரல் நீளச் சீகைக் கன்றை அடியில் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வாருங்கள், மறுபடியும் முளைத்திருக்கும். மரக்கன்று எதுவும் கொண்டுவர வேண்டாம், கையுறை போதும்.