காது இல்லாத வாசகருக்கு ஒரு கையேடு

கேமில் ஒரு வீரன் கல்தரையில் ஓடிவந்து தண்ணீரில் கால் வைக்கிறான். அந்த நொடியே காலடி ஓசை மாறுகிறது. கேமை எழுதிய நிரலாளர் 'காலடி' என்ற நிகழ்வை மட்டும் அழைத்திருப்பார். தரை எது என்று ஒரு மதிப்பைச் சேர்த்து அனுப்பியிருப்பார். எந்தப் பதிவு ஒலிக்க வேண்டும், எவ்வளவு சத்தமாக, எவ்வளவு எதிரொலியோடு என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது நடுவில் இருக்கும் ஆடியோ மென்பொருள். ஆஸ்திரேலியாவில் உருவான எஃப்மாட், கனடாவின் மான்ட்ரியலில் உருவான வைஸ் ஆகிய இரண்டும் இதில் பரவலாகப் புழங்குபவை.

வைஸுக்கு வெளியிலிருந்து கட்டளை அனுப்ப வழி உண்டு. எஃப்மாட் ஸ்டுடியோ ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய கட்டளைகளை ஏற்கும். இந்த வாசல்கள் வழியாக இப்போது ஏ.ஐ. முகவர்களும், அதாவது சொன்ன வேலையைக் கருவிகளை இயக்கித் தாமே செய்யும் நிரல்களும், உள்ளே வருகின்றன. 'இருநூறு காலடிப் பதிவுகளையும் தரைவாரியாகப் பிரித்து அடுக்கு' என்றால் செய்யப் பார்க்கின்றன. அது உருப்படியாக முடிகிறதா என்பது நாம் எழுதிக்கொடுக்கும் கையேட்டைப் பெரிதும் பொறுத்தது.

முகவரின் உள்ளே இருப்பது, எழுத்தைப் படித்து எழுத்தாகவே பதில் தரும் ஒரு மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்). ஒவ்வொரு கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன மதிப்புகள் கேட்கும் என்ற பட்டியல் ஆகியவை அதன் முன் எழுத்தாக வைக்கப்படுகின்றன. அதுதான் அந்தக் கையேடு. (இதற்கு ஒரு பொது வடிவம் தருவதுதான் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்.) மாதிரி அதைப் படித்து, 'இந்தக் கருவி, இந்த மதிப்பு' என்று எழுதுகிறது. வேறொரு நிரல் அதை நிறைவேற்றி, விளைவையும் எழுத்தாகவே திருப்பித் தருகிறது. போவதும் எழுத்து, வருவதும் எழுத்து. நடுவில் ஒலி என்று ஒன்று வருவதே இல்லை.

இதன் விளைவைச் சத்தத்தைக் குறைக்கும் ஒரு சாதாரணக் கட்டளையில் பார்க்கலாம். 'ஒலியளவை அமைக்கும், மதிப்பு: எண்' என்று ஒருவர் விளக்கம் எழுதிவைக்கிறார். எஃப்மாடில் ஒரு சேனலின், அதாவது ஒரு பதிவு ஒலிக்கும் தடத்தின், ஒலியளவு என்பது பெருக்கும் எண். 1 என்றால் உள்ளது உள்ளபடி, 0 என்றால் மௌனம், 0.5 என்றால் அலையின் வீச்சில் பாதி. வைஸில் ஒலியளவு டெசிபலில் இருக்கிறது. அங்கே 0 என்பதுதான் உள்ளது உள்ளபடி. பாதி வீச்சுக்கு ஏறத்தாழ மைனஸ் 6. டெசிபல் என்று நினைத்துக்கொண்டு முகவர் எஃப்மாடுக்கு மைனஸ் 6 அனுப்பினால், மைனஸ் குறி அலையைத் தலைகீழாகப் புரட்டும். 6 அதை ஆறு மடங்காக்கும். தணிக்கச் சொன்ன ஒலி காதைப் பிளக்கும். மனிதர் என்றால் அந்தக் கணமே ஹெட்போனைக் கழற்றியிருப்பார். முகவருக்கோ 'கட்டளை நிறைவேறியது' என்ற பதில் வந்துவிட்டது. அது நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடும்.

நான் அதே விளக்கத்தை இப்படி எழுதுவேன்: 'சேனலின் ஒலியளவை அமைக்கும். மதிப்பு பெருக்கும் எண்; 1 இயல்பு, 0 மௌனம். கையில் இருப்பது டெசிபல் என்றால் 20-ஆல் வகுத்து, வந்ததைப் 10-இன் அடுக்காக்கிக் கொடு. மைனஸ் எண் கொடுக்காதே, அலை புரளும்.' நான்கே வரிதான். அனுபவமுள்ள ஒலி வடிவமைப்பாளருக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை என்பதாலேயே பல கையேடுகளில் இது விடுபட்டுப் போகிறது.

பெயர்களிலும் இதே ஆபத்து உண்டு. வைஸ் ஒரு நிகழ்வின் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்துகளாக்கி 32 பிட் எண்ணாகச் சுருக்கிக்கொள்கிறது. எழுத்துப்பிழையோடு கொடுத்த பெயருக்கும் ஏதோ ஓர் எண் கிடைத்துவிடும். அந்த எண்ணில் நிகழ்வு இல்லை என்பது கேம் ஓடும்போதுதான் தெரியவரும். அப்போதும் கேம் நிற்காது. அழைப்புக்கு 0 என்ற பதில் வரும், ஒலி வராது. 0 என்றால் தோல்வி என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். எஃப்மாடில் 'நிகழ்வு கிடைக்கவில்லை' என்று பிழை வந்தாலும், நிகழ்வு நல்லபடியாகவே இருக்கலாம். அதன் பெயர்ப்பட்டியல் உள்ள பேங்க் கோப்பு (கேமுக்காகக் கட்டிவைத்த ஆடியோ தரவுக் கோப்பு) ஏற்றப்படாமல் இருக்கலாம். இது தெரியாத முகவர் அதே பெயரில் இன்னொரு நிகழ்வை உருவாக்கிவிடக்கூடும். ஆகவே பிழைச்செய்தியின் பொருளோடு, அப்போது செய்யக்கூடாதது எது என்பதையும் எழுத வேண்டும்.

அழிக்கும் கட்டளைகளுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். வைஸில் புதிய பொருளை உருவாக்கும்போது அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருந்தால், மறுத்துவிடு, பெயரை மாற்று, இணைத்துவிடு, பழையதை நீக்கிப் புதியதை வை என்று நான்கு வழிகள் உண்டு. கடைசி வழி ஒருவரின் பல நாள் உழைப்பை விழுங்கிவிடும். மாற்றங்களை ஒரே தொகுப்பாகக் கட்டி, வேண்டாமென்றால் மொத்தமாகத் திரும்பப் பெறும் வசதியும் வைஸில் இருக்கிறது. முகவர் ஒவ்வொரு முறையும் அதற்குள்ளேயே வேலை செய்ய வேண்டும் என்று நான் கட்டாயமாக்குவேன்.

காதுக்கு ஓரளவு மாற்றாக அளவீடுகளைக் கொடுக்கலாம். சத்தம் மனிதக் காதுக்கு எவ்வளவு உரக்கத் தோன்றும் என்பதைக் கணக்கிட ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பி.எஸ். 1770 என்ற வரையறை இருக்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்த அளவை எடுக்கும்படி கையேடு சொன்னால், ஆறு மடங்கான அந்தச் சேனலை முகவரே கண்டுபிடித்துவிடும். ஆனால் தண்ணீரில் வைத்த கால் சேற்றில் வைத்ததுபோல் ஒலிக்கிறதே என்பதை அந்த எண் காட்டாது. அந்த இடத்தில் கையேட்டில் எழுத வேண்டிய வரி: 'இங்கே நிறுத்து. வடிவமைப்பாளர் கேட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தொடர்.'