சாலையில் திடீர் பள்ளம்: மண்ணுக்குக் கீழே நடப்பது என்ன?

சென்னையில் ஒரு பெரிய சாலை உள்வாங்கினால் மறுநாள் செய்தித்தாளில் பள்ளத்தின் படம் வரும். சாலை போட்டவர்களை எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் பல நேரங்களில் பழுது தாரில் இருப்பதில்லை. பத்துப் பதினைந்து அடி ஆழத்தில் ஓடும் கழிவுநீர்க் குழாயின் மேல்பகுதி இற்றுப்போய் உடைந்திருக்கும். அந்த ஓட்டை வழியே சுற்றியுள்ள மண் மழைக்கு மழை கரைந்து குழாய்க்குள் இறங்கியிருக்கும். கடைசியில் கீழே வெற்றிடம், மேலே தார்ப் படலம். கனமான ஒரு லாரி வரும்வரை வெளியே எதுவும் தெரியாது.

சாலை, பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய் ஆகிய மூன்றும் வேறு வேறு அலுவலகங்களின் கோப்புகளில் இருக்கின்றன. மண்ணுக்குள் அவை பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. ஒன்று கெட்டால் மற்றவையும் கெடும். அதனால் சாலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் சாக்கடைக்குள் இறங்கியாக வேண்டும்.

சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910 வாக்கில் வரையப்பட்டது. 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்தது 17 லட்சத்துக்கும் மேல். பிறகு திட்டத்தைத் திருத்தினார்கள், விரிவாக்கினார்கள். ஆனாலும் பழைய பகுதிகளில் பல குழாய்கள் தங்களுக்குக் குறித்த அளவைவிடக் கூடுதலான கழிவைச் சுமந்தே காலம் தள்ளியிருக்கின்றன.

ஊரின் நிலமும் ஒத்துழைக்கவில்லை. சென்னையின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கும் சமவெளி. கழிவுநீர் தானாகவே வண்டலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமானால் விநாடிக்குக் குறைந்தது 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். சரிவு போதாத இடத்தில் அந்த வேகம் வராது. மணல் அடியில் படியும், நீர் தேங்கும், சுவரில் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம் வளரும். அந்தப் படலத்துக்குள் காற்று புகாத ஆழத்தில் ஒரு வகை பாக்டீரியா இருக்கிறது. அது கழிவிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடும். அழுகிய முட்டை வாடை என்கிறோமே, அதுதான். வெயில் ஊரில் கழிவுநீரும் சூடாக இருப்பதால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

வாயு மேலே எழுந்து குழாயின் ஈரமான மேற்கூரையில் ஒட்டும். அங்கே காத்திருப்பது வேறொரு பாக்டீரியா. அது இந்த வாயுவை ஆக்சிஜனோடு சேர்த்துக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் சாக்கடைக் குழாய்களிலிருந்து அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து 1945இல் விளக்கியவர் பார்க்கர் என்ற ஆய்வாளர். புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அமிலம் அந்தக் காரத்தைத் தின்று முடித்ததும் கான்கிரீட் ஜிப்சமாக மாறும். விரலால் வழித்து எடுக்கும் அளவுக்குக் குழைந்துவிடும். நீர் ஓடும் அடிப்பகுதியில் அமிலம் தங்காது, கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஹியூம் பைப்புகள் எனப்படும் கான்கிரீட் குழாய்கள் கூரையில் உடைகின்றன. தெருக்களில் போடும் சிறிய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய்களை அமிலம் ஒன்றும் செய்யாது. அவற்றின் பலவீனம் இணைப்புகளில். வேர் நுழைவதும் மண் நுழைவதும் அங்கேதான்.

இதே வாயுதான் மேன்ஹோலுக்குள் இறங்கும் மனிதர்களைக் கொல்கிறது. அடர்த்தி கூடினால் அது மூக்கின் முகரும் திறனையே மழுங்கடித்துவிடும். வாடை போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படியும் சாவுகள் தொடர்கின்றன. ஒரு நகரம் தன் குழாய்களை முன்கூட்டியே சோதித்து அடைப்பு வராமல் பார்த்துக்கொள்வதற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை, இந்த ஒன்றே போதும்.

சோதிப்பது எப்படி? முதலில் நீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட்டிங் வண்டியால் வண்டலை நீக்குகிறார்கள். பிறகு விளக்கும் கேமராவும் பொருத்திய சிறு சக்கர வண்டியை ஒரு மேன்ஹோல் வழியே இறக்கி அடுத்த மேன்ஹோல்வரை ஓட்டுகிறார்கள். விரிசல், விலகிய இணைப்பு, வேர், தொங்கும் கம்பி எல்லாம் எத்தனையாவது மீட்டரில் என்ற குறிப்போடு பதிவாகும். லேசர் வளையத்தைச் சுவரில் பாய்ச்சினால் கூரை எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்றும் அளக்கலாம். குழாய் பாதி நிரம்பி ஓடினால் நீருக்கு மேலே கேமரா, நீருக்குக் கீழே ஒலியலையால் அளக்கும் சோனார் கருவி.

பழுதான குழாயை மாற்றத் தெருவைத் தோண்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1971இல் எரிக் வுட் என்ற பொறியாளர் லண்டனில் ஒரு பழைய சாக்கடையில் புது வழியைச் செய்து காட்டினார். ரெசினில் (சூட்டில் இறுகும் பிசினில்) ஊறவைத்த நீண்ட துணிக்குழாயை மேன்ஹோல் வழியே உள்ளே விட்டு, நீர் அழுத்தத்தால் அதன் உட்புறம் வெளிப்புறமாகப் புரளும்படி தள்ளுவார்கள். சாக்ஸை உள்வெளியாகத் திருப்புவோமே, அப்படி. ரெசின் ஊறிய பக்கம் பழைய சுவரில் போய் ஒட்டும். வெந்நீரோ நீராவியோ செலுத்தினால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். பழைய குழாய்க்குள் இணைப்பே இல்லாத ஒரு புதிய குழாய் கிடைத்துவிடும். வீட்டு இணைப்புகள் சேரும் இடங்களை மட்டும் உள்ளிருந்தே ஒரு ரோபோ வெட்டித் திறக்கும். ஆனால் கூரை ஏற்கெனவே சரிந்துவிட்ட குழாயில் இது நடக்காது, அங்கே தோண்டத்தான் வேண்டும். சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் எளிய வழி கைவிட்டுப் போய்விடும்.

அப்புறம் குடிநீர்க் குழாய். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் தொடங்கிய காலத்திலிருந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. வார்ப்பிரும்பு கெடும் விதம் விசித்திரமானது. அந்த இரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் பின்னிக் கிடக்கின்றன. உப்பும் களியும் கலந்த ஈர மண்ணில் இரும்பு கரைந்து போகும், கிராஃபைட் மட்டும் அதே வடிவில் நிற்கும். தோண்டிப் பார்த்தால் குழாய் முழுசாகத்தான் தெரியும். கத்தியால் சுரண்டினால் கரி உதிரும். உள்ளே நீர் அழுத்தமும் மேலே வண்டிப் பாரமும் சேரும்போது ஒருநாள் குறுக்காக வெடித்துவிடும்.

குழாயின் உட்புறம் துருக்கட்டிகள் வளர்வது இன்னொரு தொல்லை. உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் அதே அழுத்தத்தில் வரும் தண்ணீரும் பாதியாகும் என்று தோன்றும். கணக்குப்படி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் வரும். தெருக்கோடி வீட்டில் குழாய் ஏன் நூலாக ஒழுகுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கசிவைக் காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஓட்டையில் நீர் பீறிடும் ஒலி, குழாய் வழியே இரண்டு பக்கமும் ஓடும். இரும்புக் குழாய்க்குள் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர். 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு வால்வுகளில் ஒலி உணரிகளை வைத்துப் பார்க்கிறோம் என்று வையுங்கள். ஒன்றைவிட மற்றொன்றுக்கு ஒலி 0.05 விநாடி தாமதமாக வந்தால், பாதை வித்தியாசம் 60 மீட்டர். அப்படியானால் கசிவு ஒரு முனையிலிருந்து 20 மீட்டரிலும் மறுமுனையிலிருந்து 80 மீட்டரிலும் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் தோண்டினால் போதும். இன்னொரு நுணுக்கம் உண்டு: சுவர் மெலியும்போது ஒலியின் வேகமும் குறையும். அதனால் வேகத்தை அளந்தே அந்த நீளத்தில் சுவரின் சராசரித் தடிமனைக் கணித்துவிடலாம். பிளாஸ்டிக் குழாயில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவதால் உணரிகளை நெருக்கி வைக்க வேண்டும்.

நம் ஊர்களில் இதற்கு ஒரு பெரிய இடைஞ்சல், தண்ணீர் சில மணி நேரம் மட்டும் வருவது. அழுத்தம் இல்லாத நேரத்தில் கசிவு சத்தம் போடாது. அதைவிட மோசம், காலியான குழாய்க்குள் அதே ஓட்டை வழியாக வெளியிலிருக்கும் அழுக்கு நீர் நுழையும். பக்கத்தில் உடைந்த சாக்கடை இருந்தால் நுழைவது கழிவுநீர். தண்ணீர் திறந்தவுடன் முதல் வாளி கலங்கலாக வருகிறது என்றால் அதை ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எதை முதலில் மாற்றுவது? வயதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தடித்த சுவரோடு வார்த்த நூறாண்டுக் குழாய் நல்ல மண்ணில் திடமாக இருக்கலாம். பின்னால் வந்த மெல்லிய குழாய் உப்பு மண்ணில் முன்னதாகவே உடையலாம். அதனால் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார்கள்: உடைய எவ்வளவு வாய்ப்பு? உடைந்தால் யாருக்கு என்ன ஆகும்? முட்டுச்சந்தில் ஓடும் இற்றுப்போன குழாயைவிட, மருத்துவமனை வாசலில் ஓடும் ஓரளவு தேய்ந்த குழாய் வரிசையில் முன்னால் வரலாம். இதற்கு ஒவ்வொரு உடைப்பும் இடம், தேதி, குழாயின் வகையோடு வரைபடத்தில் ஏற வேண்டும். பல ஊர்களில் இந்த விவரமெல்லாம் வால்வு திறக்கும் ஊழியரின் நினைவில்தான் இருக்கிறது. அவர் ஓய்வு பெறுவதற்குள் அதை எழுதி வாங்கிவிடுவது, எந்தக் கருவி வாங்குவதையும்விட அவசரம் என்று நான் நினைக்கிறேன்.

சாலையின் முறை கடைசியில்தான் வர வேண்டும். அதன் பலத்தை அறிய ஒரு எடையை மேலிருந்து விழவிட்டு, லாரிச் சக்கரம் தரும் அடியைத் தருகிறார்கள். விழுந்த இடத்திலும் அதைத் தாண்டி வரிசையாகவும் உள்ள உணரிகள் தரை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும். அமுக்கம் விழுந்த இடத்தை ஒட்டி மட்டும் அதிகமாக இருந்தால் மேலடுக்கில் கோளாறு. தொலைவில் உள்ள உணரிகளும் கூடுதலாக அமுங்கினால் அடிமண் ஈரமாகி வலுவிழந்திருக்கிறது என்று பொருள். அங்கே புதுத் தார் போடுவது வீண், கசியும் குழாயைத் தேட வேண்டும்.

மேலடுக்கு மட்டும் கெட்டிருந்தால் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிதாகப் போடலாம். சுரண்டாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டதால்தான் பல தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து, மழைநீர் கூடத்துக்குள் வருகிறது. குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை மூடும்போதும் மண்ணை மொத்தமாகக் கொட்டிவிடக் கூடாது. அரை அடிக்கு ஓர் அடுக்கு போட்டு, ஈரம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். அப்படிச் செய்யாத பள்ளம் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் அதே நீளத்துக்கு, அதே அகலத்துக்கு மறுபடி இறங்கும்.