சத்தத்துக்குப் பயந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று வருபவர், சைக்கிளை நகராமல் ஓரிடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னர் என்ற கருவியில் மாட்டி வீட்டுக்குள் மிதிப்பவராக இருந்தால், "டிரெய்னர் சத்தம் போடுமா?" என்றுதான் முதலில் கேட்பேன். வலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது போலப் பலரும் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் உடனே சொன்னார்: "போடும் மேடம். விடியற்காலையில் குழந்தை தூங்கும், அதனால் மெதுவாகத்தான் மிதிப்பேன்."

மிதித்துக் காட்டச் சொன்னேன். நிமிடத்துக்கு 50 சுற்றுகூட வரவில்லை. கனமான கியர். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, முழங்கால் உள்பக்கமாக மடங்கியது.

பிசியோதெரபிஸ்டாக நான் அடிக்கடி பார்ப்பது இது. சத்தம் வராமலிருக்க வேகத்தைக் குறைக்கிறார்கள். அப்புறம் பயிற்சி போதவில்லை என்று பாரத்தைக் கூட்டுகிறார்கள். அந்த அழுத்தம் நேராக முழங்கால் சில்லின் பின்புறத்தில் இறங்குகிறது. 80, 90 சுற்று வேகத்தில் இலேசாக மிதிப்பது மூட்டுக்கு எவ்வளவோ மேல். அந்த வேகத்தில் பயமில்லாமல் மிதிக்க முடிகிற டிரெய்னரைத்தான் வாங்க வேண்டும்.

மிதிக்கும்போது பாரம் தருவதற்கு விசிறி வைத்த டிரெய்னர் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். வேகம் ஏற ஏற இரைச்சலும் ஏறும். காந்தத்தால் பாரம் தரும் வகை அதைவிடப் பரவாயில்லை, திரவத்தால் தரும் வகை இன்னும் அமைதி. ஆனால் இவை மூன்றிலும் பின்சக்கரம் ஓர் உருளைமேல் உரசிக்கொண்டுதான் ஓடும். முள் முள்ளாக இருக்கிற டயராக இருந்தால் விலை உயர்ந்த டிரெய்னர்கூட 'உய்ங்' என்று கத்தும். வழவழப்பான டயரை மாட்டி, காற்றைச் சரியாக அடித்தாலே பாதி தொல்லை தீர்ந்துவிடும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் அந்த உரசலே கிடையாது. செயின் ஓடும் ஓசைதான் பெரும்பாலும் கேட்கும். வாங்குமுன் உங்கள் சைக்கிளின் அச்சும் பின்பக்கக் கியர் எண்ணிக்கையும் அதற்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எந்த வேகத்தில், எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும்.

இன்னொன்று, அந்த எண் காற்றில் வரும் சத்தத்தைத்தான் சொல்லும். கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது தரை வழியாக இறங்கும் அதிர்வு. நீங்கள் இருக்கும் அறையில் அது காதில் விழாமலே போகலாம். வேறொருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, இரண்டடி தள்ளித் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் 'கிர்ர்' என்று ஏறினால், அது கீழேயும் போகிறது. அடர்த்தியான ரப்பர் விரிப்பு உதவும். யோகா பாய் மாதிரி மெல்லியது போதாது. அறையின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக வைத்தால் தரை ஆடுவதும் குறையும்.

மேலே சொன்னவர் புது டிரெய்னர் வாங்கவில்லை. அவருடையது பாரத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கும் காந்த வகை. முன்பக்கம் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றி, பின்பக்கம் பெரியதில் போட்டோம். சக்கரம் மெதுவாகச் சுற்றும், கால் மட்டும் வேகமாகச் சுற்றும். குறைந்த பாரத்தை டிரெய்னரில் இலேசாகக் கூட்டிக்கொண்டார். மிதிக்கும் சக்தியை, அதாவது வாட் அளவை, தானே ஒரே அளவில் வைத்திருக்கும் ஸ்மார்ட் டிரெய்னரிலும் இதே கியர் கைகொடுக்கும். அப்புறம் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டார், டயரை மாற்றினார், சீட்டைக் கொஞ்சம் உயர்த்தினோம்.

அடுத்த முறை வந்தபோது மிதித்துக் காட்டினார். 84 சுற்று. இடுப்பு அசையவில்லை. குழந்தை இப்போது பக்கத்து அறையில் கதவைத் திறந்துவைத்தே தூங்குகிறதாம்.